எப்பம்மா கிட்னி எடுத்தீங்க?

நான் எதையும் சட்டென்று நம்புகிறவள் இல்லை. பெட்ரோல் பங்கில் மீட்டர் பூஜ்யத்துக்கு வந்ததா என்று குனிந்து பார்த்த பிறகுதான் வண்டியின் மூடியைத் திறப்பேன். இருபத்தெட்டு வருஷமாகக் கணக்கு டீச்சர். விடை சரியாக இருந்தாலும் வழி எங்கே என்று கேட்டுக் கேட்டு அதுவே குணமாகிவிட்டது. அதனால், எருமப்பட்டிப் பக்கம் இருக்கும் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு டை கட்டிய ஒரு ஆள் வந்து, "உடம்புல ஒரு தொந்தரவும் இல்லாதப்பவே முழு உடம்பையும் ஸ்கேன் பண்ணிப் பார்த்துடணும் மேடம்" என்றபோது, ஒன்றும் இல்லாதவளிடம் இவனுக்கு என்ன வேலை என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

அவன் கொண்டுவந்த நோட்டீஸில் நரைத்த தலையோடு ஒரு கணவனும் மனைவியும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எட்டுப் பேர் சேர்ந்து வந்தால் தள்ளுபடி, வேன் வைத்துக் கூட்டிப்போவோம், காலை டிபன் எங்கள் பொறுப்பு என்றான். ஏழு பேர் உடனே பேர் கொடுத்துவிட்டார்கள். எட்டாவது ஆளுக்குத்தான் என்னைப் பிடித்தார்கள்.

"நீங்க ஒருத்தர் வராட்டி எங்க ஏழு பேருக்கும் போச்சு டீச்சர்" என்றார் தமிழம்மா. ஸ்டாஃப் ரூமில் என் பக்கத்து மேசை அவருடையது. பதினோரு வருஷமாக என் டிபன் பாக்ஸில் பாதி அவருக்கு, அவருடையதில் பாதி எனக்கு.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். கோழித் தீவன மில்லில் ஆபீஸ் வேலை பார்க்கிறவர். அதிகம் பேச மாட்டார். "சும்மா பாக்கறதுல என்ன, போய்ட்டு வா" என்றார்.

ஒரு சனிக்கிழமை காலையில் சேலம் ரோட்டில் வேன் போனது. ஸ்கேன் நடத்தும் அந்த இடத்தில் ஆஸ்பத்திரி வாசனையே இல்லை. கண்ணாடிக் கதவு, குளிர், மெத்தை வைத்த நாற்காலி, பூ வாசம். ஒரு பெண் வந்து கைகூப்பி வணக்கம் சொன்னாள். ஆஸ்பத்திரியில் யாரும் யாருக்கும் வணக்கம் சொல்லி நான் பார்த்ததில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. ரத்தம் எடுத்தார்கள், இசிஜி எடுத்தார்கள், பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடிக்கச் சொல்லி உட்கார வைத்தார்கள். ஒவ்வொருத்தராக உள்ளே போய் ஏதோ பரிசு வாங்கியவர்கள் மாதிரி வெளியே வந்தார்கள்.

என் முறை வந்தது. இருட்டான அறை. ஸ்கேன் பார்த்தது ஒரு இளம் பெண் டாக்டர். என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். வயிற்றில் ஜில்லென்று பசையைத் தடவிக் கருவியை வைத்து உருட்டினார். வலது பக்கம் சீக்கிரம் முடிந்தது. இடது பக்கம் போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"ஒருக்களிச்சுப் படுங்கம்மா."

படுத்தேன்.

"மூச்சை இழுத்துப் பிடிங்க. விடுங்க. மறுபடி பிடிங்க."

பிடித்தேன், விட்டேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார். "எப்பம்மா கிட்னி எடுத்தீங்க?"

எனக்குக் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தேன். "என்னங்க?"

"இடது கிட்னி. எப்ப எடுத்தாங்க?"

"எனக்கு யாரும் எதும் எடுக்கலீங்களே."

அவர் கருவியை எடுத்துவிட்டு என் வலது அடிவயிற்றில் இருந்த தழும்பைப் பார்த்தார். ஒரு சாண் நீளம் இருக்கும். அதற்குப் பக்கத்தில், இடுப்பு ஓரமாக, ஒரு ரூபாய் அளவில் இன்னொன்று.

"இது?"

"குடல்வால் ஆபரேசனுங்க. பதினேழு வயசுல."

"எங்க பண்ணுனீங்க?"

"சேலத்துலங்க. அந்த ஆஸ்பத்திரி இப்ப இல்லீங்க."

டாக்டர் தன் உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் என்னைப் பார்த்தாள். டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "சொந்தக்காரங்க யாருக்காவது குடுத்தீங்களா? இல்ல வேற எப்படியாவது? சொல்லலாம்மா, தப்பில்ல."

அந்தத் 'தப்பில்ல' என்ற சொல்தான் எனக்குச் சுருக்கென்றது. தப்பு இருக்கிற இடத்தில்தான் அந்தச் சொல் வரும்.

மத்தியானம் குகை மாதிரியான பெரிய மெஷினுக்குள் படுக்க வைத்துச் சி.டி. ஸ்கேனும் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் மற்றதெல்லாம் நன்றாக இருந்தது. சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை, இதயம் ஒழுங்கு. இடது சிறுநீரகம் மட்டும் காணப்படவில்லை. சிறுநீரக நிபுணரைப் பார்க்கவும் என்று அடியில் ஒரு வரி. காலையில் அந்த இருட்டறையைத் தடுத்திருந்த துணிக்கு அந்தப் பக்கம் தன் முறைக்காகத் தமிழம்மா உட்கார்ந்திருந்தார் என்பது வேனில் ஏறும்போதுதான் எனக்குத் தெரிந்தது. எப்போதும் அவர் யாருக்கும் விட்டுத்தராத ஜன்னலோர சீட்டைக் காட்டி, "நீங்க உக்காருங்க டீச்சர்" என்றார்.

நான் முதலில் சந்தேகப்பட்டது அந்த மெஷினைத்தான். நல்லா இருக்கிறவளை நோயாளி ஆக்கினால்தானே அவர்களுக்குப் பிழைப்பு. திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, நாங்கள் குடியிருக்கும் நாமக்கல்லிலேயே, அவர்களுக்குச் சம்பந்தமில்லாத வேறொரு சின்ன லேப்புக்குப் போனேன். முன்னே எடுத்த ரிப்போர்ட்டைக் காட்டவில்லை. அங்கே இருந்தவர் வயதானவர். கொஞ்ச நேரம் உருட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு கிட்னிதானேம்மா உங்களுக்கு?" என்றார், ஏதோ எனக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம் மாதிரி.

ஆக, மெஷின் பொய் சொல்லவில்லை. அப்படியானால் வேறு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

நான் பிறந்து வளர்ந்தது வெண்ணந்தூர். தறிக்காரக் குடும்பம். நான் எட்டாவது படிக்கும்போது அப்பா இறந்துவிட்டார். என்னைவிடப் பத்து வயது மூத்த அண்ணன்தான் குடும்பத்தைப் பார்த்தது. அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்துத் தறிக்கார ஊர்களில் ஒரு பேச்சு உண்டு. யாரோ வருவார்கள், யாரையோ தூர ஊருக்குக் கூட்டிப்போவார்கள், போனவன் இடுப்பில் தழும்போடு திரும்பி வருவான். தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டே பெண்கள் தாழ்ந்த குரலில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எங்கள் தெருவில் அப்படி யாரும் இல்லை. ஆனால் பேச்சு மட்டும் இருந்தது.

இரண்டு ரிப்போர்ட்டையும் கணவர் மேசையில் விரித்து வைத்துப் பார்த்தார். அதில் இருந்த எதுவும் அவருக்குப் புரிந்திருக்காது. மடித்து என்னிடம் கொடுக்கும்போது கேட்டார்.

"அந்த வருசந்தானே உங்கண்ணன் சொந்தமா ரெண்டு தறி போட்டாரு?"

"எந்த வருசம்?"

"உனக்கு ஆபரேசன் ஆன வருசம்."

நான் அவரையே பார்த்தேன்.

"நான் ஒண்ணும் சொல்லல. சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு மில்லுக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் சும்மா கேட்டதை என்னால் சும்மா விட முடியவில்லை. வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போதும் அதே ஓடியது. குடல்வாலுக்கு எதற்குப் பதினோரு நாள் ஆஸ்பத்திரி? பக்கத்துவீட்டுப் பெண்ணுக்கு ஐந்தே நாளில் அனுப்பினார்களே. இடுப்போரம் எதற்கு இரண்டாவது தழும்பு? காகிதத்தில் கையெழுத்துப் போட்டது அண்ணன் ஒருவர்தான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது; இப்போது கேட்க அவரும் இல்லை. அதற்கப்புறம் இத்தனை வருஷத்தில் அந்த ஆபரேஷனைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் அண்ணன் எழுந்து வெளியே போய்விடுவார். ஒருதடவை ஏதோ சண்டையில் அண்ணி, "உங்கண்ணன் மனசுல என்ன வச்சுட்டு அலையறாருன்னு உனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார். அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு தழும்பும் வலது பக்கம், காணாமல் போனது இடது பக்கம். ஒரு நிமிஷம் இது என்னைத் தடுத்தது. வயிற்றைத் திறந்து உள்ளே கை போன பிறகு வலமென்ன, இடமென்ன என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். பத்தாம் வகுப்புப் பையன் இப்படி ஒரு வழி எழுதியிருந்தால் மார்க் போட்டிருக்க மாட்டேன்.

இதற்கிடையில் ஸ்டாஃப் ரூமில் நான் நுழைந்தால் பேச்சு நின்றது. புதன்கிழமை மத்தியானம் தமிழம்மா தன் டிபன் பாக்ஸைத் திறந்து, எப்போதும் போலப் பாதியை என் பக்கம் தள்ளி, மற்றவர்கள் காதில் விழாதபடி சொன்னார்.

"அந்தக் காலத்துல வீட்டுக் கஷ்டத்துக்கு யார் யாரோ என்னென்னமோ செஞ்சாங்க டீச்சர். யாரும் உங்களைக் குத்தம் சொல்ல மாட்டாங்க."

எனக்குப் புரையேறிவிட்டது. நான் அண்ணனைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்க, இவர்கள் நானே விற்றுவிட்டேன் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். "எனக்கு அப்படி ஒண்ணும் இல்லீங்க" என்றேன். "சரி டீச்சர், சரி" என்றார். நம்பவில்லை. நம்பாத முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ராசிபுரம் போய் அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து வெண்ணந்தூருக்குப் போனேன். போகிறேன் என்று யாருக்கும் போன் செய்யவில்லை. முன்கூட்டியே சொன்னால் யோசிக்க நேரம் கிடைத்துவிடும் என்று பட்டது. என் சொந்த அண்ணனைத்தான் அப்படி நினைத்தேன்.

அண்ணி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். "வா வா, என்ன திடீர்னு? ஒரு போன் பண்ணக் கூடாதா?" என்றார். "அண்ணன் எங்கீங்க?" என்று கேட்டு, பதிலுக்கு நிற்காமல் பின்னால் இருந்த தறிப்பட்டறைக்குப் போனேன். ஆள் வராததால் அண்ணனே தறி ஓட்டிக்கொண்டிருந்தார். அறுபத்தொரு வயது. காதோரம் பஞ்சுத் தூசி. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து ஏதோ சொன்னார். சத்தத்தில் கேட்கவில்லை.

"தறிய நிறுத்துங்க அண்ணா."

ஒவ்வொன்றாக நிறுத்தினார். கடைசித் தறி நின்றதும் காது அடைத்த மாதிரி ஆகிவிட்டது.

"என்ன சாமி? ஊட்டுல எல்லாம் நல்லா இருக்காங்கல்ல?"

பஸ்ஸில் வரும்போது எப்படி ஆரம்பிப்பது என்று எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"என்ற கிட்னி ஒண்ணு என்னாச்சுங்க அண்ணா?"

அவருக்குப் புரியவில்லை. சிரித்தார். "என்ன சொல்றே?"

கைப்பையிலிருந்து ரிப்போர்ட்டுகளை எடுத்து நீட்டினேன். "எனக்கு இடது கிட்னி இல்ல. ரெண்டு எடத்துல பாத்துட்டேன். எனக்கு வயித்தக் கிழிச்சது ஒரே தடவைதான். கூட இருந்தது நீங்க. கையெழுத்துப் போட்டது நீங்க. அந்த வருசந்தான் இந்தத் தறி வந்துச்சு."

சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. சிரிப்பு போனது, குழப்பம் வந்தது, பிறகு அந்தக் குழப்பமும் போனது. நான் என்ன கேட்கிறேன் என்பது அவருக்கு முழுதாகப் புரிந்த அந்த நொடியை நான் நேராகப் பார்த்தேன். இன்றைக்கும் அதை என்னால் மறக்க முடியவில்லை. காகிதத்தை வாங்கவில்லை. பக்கத்தில் கிடந்த பாவு நூல் சுற்றிய பீம் உருளையின்மேல் உட்கார்ந்தார்.

"வித்துட்டேங்கறியா?"

நீட்டிய காகிதத்தை நான் மடக்கவில்லை.

"உன்னோடத எடுத்து வித்துத் தறி போட்டேங்கறே."

"பின்ன எதுக்கு அதப் பத்திப் பேச்சு எடுத்தாலே எந்திரிச்சுப் போறீங்க? எதையோ மறைக்கிறீங்க. இத்தன வருசமா மறைக்கிறீங்க."

அவர் தரையைப் பார்த்தார். அண்ணி வந்து கதவருகே நின்றார். அண்ணன் தலையைத் தூக்காமலேயே பேசினார்.

"மறைச்சேன். ஆமா. ஆனா அது இதில்ல."

பிறகு சொன்னார். எனக்கு வயிற்று வலி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அப்போது வீட்டில் வாடகைக்கு ஓட்டிய தறிக்கு அன்றைக்குப் புதுப் பாவு வந்திருந்தது. வாரத்துக்குள் துணி நெய்து கொடுக்க வேண்டும். பழைய பாவோடு புதிய பாவை இழை இழையாகப் பிணைக்க அன்றைக்கு வீட்டில் என் கைதான் இருந்தது. நான் வலிக்குது என்றேன். பரிட்சைக்குப் படிக்க வேண்டும் என்று இரண்டு நாள் முன்னால் சண்டை போட்டிருந்ததால் நான் நடிக்கிறேன் என்று அவர் நினைத்துவிட்டார். "உக்காந்து பெணை" என்று சத்தம் போட்டிருக்கிறார். நான் பிணைத்தேன். நடுவில் எழுந்து போய் வாந்தி எடுத்தேன், மறுபடி வந்து உட்கார்ந்தேன். மறுநாளும். எனக்கோ அந்த இரண்டு நாளில் வலியைத் தவிர எதுவும் நினைவில்லை. புதன்கிழமை சாயங்காலம் நான் தறிக்குப் பக்கத்திலேயே சுருண்டு விழுந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"டாக்டர் வெளிய வந்து, வெடிச்சுப் போச்சு, வயிறு பூராவும் சீழு, நேத்தே கொண்டாந்திருந்தா ஒண்ணுமில்ல, இப்ப என்னால எதும் சொல்ல முடியாதுன்னாரு. சீழு வடியத்தான் இடுப்போரம் டியூப் போட்டாங்க. பதினோரு நாளும் நான் அந்த வெராந்தாவுலதான் கெடந்தேன். வாரப்ப தனியாக் கூப்பிட்டு, பின்னாடி கொழந்த உண்டாகறதுல செரமம் வரலாம், பாத்துக்கங்கன்னாரு."

"அத ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா உன்ன யாரு கட்டுவாங்க?"

கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு இரண்டு முறை கரு கலைந்தது. இரண்டு தடவையும் அண்ணன் ஹார்லிக்ஸ் பாட்டிலும் பழமும் வாங்கிக்கொண்டு வந்தார். பையை என் கையில் கொடுத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார். மாமியார், "கூடப் பொறந்தவளுக்கு ஆறுதலா நாலு வார்த்த பேசத் தெரியாத மனுசன்" என்று சொல்வார். நானும் அப்படித்தான் நினைத்தேன். தன்னால்தான் அந்தக் குழந்தைகள் போயின என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

"தறி அம்மா தாலிக்கொடிய வச்சுப் போட்டது. அவங்க கழுத்துல மஞ்சக் கயிறு இல்லாதப்ப அது எதுக்குன்னு அவங்களே எடுத்துக் குடுத்தாங்க" என்று அண்ணி கதவருகிலிருந்து சொன்னார். குரல் உயர்ந்தது. கோபத்தில்.

நான் ஆறுதல் அடைந்திருக்க வேண்டும். அடையவில்லை. விற்கவில்லை என்பதை நம்பினேன். ஆனால் வலியில் துடித்த பெண்ணை உட்கார வைத்துப் பாவு பிணைக்க வைத்ததும், அதை மறைத்தே கல்யாணம் செய்து வைத்ததும் புதிதாக உள்ளே இறங்கின. அதோடு ஒரு கேள்வி அப்படியே நின்றது. கிட்னி எங்கே? இவருக்குத் தெரியாமல் அந்த ஆஸ்பத்திரியில் எடுத்திருந்தால்? நான் கிளம்பத் திரும்பினேன். அதற்குள் அண்ணி வீட்டுக்குள் தட்டு வைத்துச் சோறு போட்டுவிட்டார். "சாப்பிட்டுட்டுப் போ" என்றார். எங்கள் பக்கம் சாப்பாடு வைத்த பிறகு எழுந்து போவது சாதாரணக் காரியமில்லை. நான் போனேன்.

மறுநாள் காலையில் அண்ணன் போன் செய்தார். "சேலத்துல நல்ல கிட்னி டாக்டர் ஒருத்தரு இருக்காராம். விசாரிச்சு டோக்கன் வாங்கிட்டேன். அந்த ஆஸ்பத்திரிக்காரன் எடுத்திருந்தா அதையும் தெரிஞ்சுக்கலாம். நானும் வாரேன்." கொஞ்சம் நிறுத்தி, "நான் வாரதுல உனக்கு ஒண்ணும் இல்லைல்ல?" என்றார்.

வியாழக்கிழமை போனோம். டாக்டருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவசரப்படவில்லை. சி.டி. படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். என் தழும்புகளைப் பார்த்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"யாரோ எடுத்துட்டாங்கன்னு பயந்துட்டீங்களா?"

அண்ணன் பக்கம் பார்க்காமல் தலையாட்டினேன்.

"எடுத்த கிட்னிக்கும் வராத கிட்னிக்கும் வித்தியாசம் இருக்கும்மா. எடுத்திருந்தா ரத்தக் குழாயைக் கட்டி வெட்டுன மிச்சம் இருக்கும். இங்க குழாயே வளரல. இந்த வலது கிட்னியைப் பாருங்க. சின்ன வயசிலிருந்தே ரெண்டு பேர் வேலையையும் ஒரே ஆளாப் பாத்து நல்லாப் பெருத்திருக்கு. நீங்க பொறந்ததே இந்த ஒண்ணோடதான்."

பக்கத்தில் அண்ணன் மூச்சை விட்டது எனக்குக் கேட்டது.

"மாசமா இருந்தப்ப எல்லாம் ஸ்கேன் எடுத்தனுங்களே" என்றேன். அப்போதும் எனக்குச் சந்தேகம்.

"அப்ப கொழந்தையத்தான் பாத்திருப்பாங்க." அவர் எதையோ யோசித்தார். "எத்தனை கொழந்தைங்க?"

"ஒரு பொண்ணுங்க."

"அதுக்கு முன்னாடி ஏதாவது தங்காம போச்சா?"

"ரெண்டுங்க."

"பொண்ணு மாசம் முடிஞ்சு பொறந்தாங்களா?"

"எட்டாம் மாசமுங்க. சுகப் பிரசவம்."

மாடியில் இருந்த பெண் டாக்டரிடம் என்னை அனுப்பினார். அங்கே இன்னொரு ஸ்கேன். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்ப வந்து உட்கார்ந்தோம். கர்ப்பப்பை ஒரு பக்கம்தான் வளர்ந்திருக்கிறது என்றார் டாக்டர். கருவில் கிட்னியும் அதுவும் பக்கத்தில் பக்கத்தில் உருவாகிறவை, ஒரு பக்கம் வராமல் போனால் சில பெண்களுக்கு இரண்டுமே அந்தப் பக்கம் குறைந்துவிடும், குழந்தை தங்காமல் போவதும் முன்கூட்டியே பிறப்பதும் அதனால்தான் என்று பொறுமையாக விளக்கினார்.

அண்ணன் நாற்காலி நுனிக்கு வந்தார். "அப்ப... குடல்வால் வெடிச்சதாலதான் கொழந்த தங்கலங்கறது?"

"அதையெல்லாம் இழுக்கவே வேண்டியதில்லீங்க. இதுவே போதுமான காரணம்."

எனக்கு வைத்தியம் எதுவும் இல்லை. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், இஷ்டத்துக்கு வலி மாத்திரை விழுங்கக் கூடாது, வருஷத்துக்கு ஒருமுறை பிரஷரும் ரத்தமும் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். "இத்தனை வருசம் எப்படி இருந்தீங்களோ அப்படியே இருங்க" என்று அனுப்பினார்.

ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்தோம். அண்ணன் இரண்டு டீ குடித்தார். போண்டா வாங்கித் தின்றார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நூல் விலையைப் பற்றி, பேரன் பள்ளிக்கூடத்தைப் பற்றியெல்லாம் பேசினார். முப்பத்து நாலு வருஷத்தில் என் முன்னால் அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. நான் டீயைத் தொடவில்லை. கலைந்த இரண்டுக்கும் பிறகு என் மாமியார் வாசலில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களிடம் சொன்னது எனக்கு நினைவு வந்துகொண்டிருந்தது. "இவங்கூட்டுல துணிய நல்லா நெய்வாங்க. பொண்ணத்தான் சரியா நெய்யாம அனுப்பிட்டாங்க." அவர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அத்தனை நாளும் அது பொய் என்று மனசுக்குள் அவரோடு வாதாடிக்கொண்டிருந்தேன்.

"என்ன சாமி, மொகத்த இப்படி வச்சிருக்கே? நல்ல சேதிதானே?" என்றார் அண்ணன்.

"உங்களுக்குங்க அண்ணா."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். நாமக்கல் பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். வெண்ணந்தூர்ப் பிரிவு வந்ததும் எழுந்தவர், கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து என்னிடம் சொன்னார். "நீ வந்து கேட்டதுல தப்பில்ல. கேக்காம ஒரு வாரம் அப்படியே நெனச்சுட்டு இருந்திருக்கே பாரு, அதத்தான்..." கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். இறங்கிப் போய்விட்டார்.

வீட்டில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாதி வளர்ந்த கர்ப்பப்பையைப் பற்றியும் சொன்னேன். "எங்கம்மா பேசினதெல்லாம்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டு, "அதுக்கு நீ என்ன பண்ணுவே" என்றார். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அவர் அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. இப்போதாவது சொன்னாரே என்று நான் நினைக்கவில்லை. எழுந்து போய் உலை வைத்தேன்.

அண்ணன் வீட்டோடு பேச்சு நிற்கவில்லை. ஆடிக்கு அழைத்தார்கள், போனோம், சாப்பிட்டோம். அண்ணி என்னிடம் மரியாதையாகப் பேசுகிறார். முன்பு அவர் என்னை அதட்டுவார். அந்த அதட்டல் இப்போது இல்லை. தமிழம்மாவிடம் பெரிய டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "அப்படியா டீச்சர், நல்லதாப் போச்சு" என்றார். நம்பினாரா என்று தெரியவில்லை. நானும் அதற்கு மேல் நிரூபிக்கப் போகவில்லை.

நாங்கள் கிளம்பும்போது சேலம் டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். மகளுக்கும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், குடும்பத்தில் சிலருக்கு வரும் என்று. மகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஒரு மாதம் சொல்லாமல் வைத்திருந்தேன். அண்ணன் என்னிடம் மறைத்த மாதிரி நானும் மறைக்கிறேனே என்று உறுத்தியதால் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். அவள் அழுது பதறுவாள் என்று நினைத்தேன். "சரிம்மா, பாத்துடறேன்" என்றாள்.

பார்த்தாள். "ரெண்டு கிட்னியும் இருக்கும்மா. மத்ததும் முழுசா இருக்காம்" என்று போனில் சொன்னபோது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஆனால் அவள் குரலில் ஏதோ பாக்கி இருந்தது.

"வேற என்ன?"

"லிவர்ல சின்னதா ஒரு ரத்தக் குழாய் முடிச்சு மாதிரி இருக்காம். நெறையப் பேருக்கு இருக்குமாம். ஒண்ணும் செய்யாதாம். ஆறு மாசம் கழிச்சு மறுபடி எடுத்துப் பாருங்கன்னு எழுதியிருக்காங்க."

"ஒண்ணும் செய்யாதுன்னா எதுக்கு மறுபடி எடுக்கணும்?"

"அதத்தான் நானும் கேட்டேன். ஒரு நிம்மதிக்குன்னாங்க."

எங்கள் குடும்ப டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டினேன். பார்த்துவிட்டு, இது சாதாரணம், மறந்துவிடுங்கள் என்றார். அவர் சொன்னதை முக்கால்வாசி நம்புகிறேன். வருகிற தை மாதத்தோடு ஆறு மாதம் முடிகிறது. எதற்கு மறுபடியும் போக வேண்டும், நான் நன்றாகத்தானே இருக்கிறேன் என்கிறாள் மகள். போ என்று நான் இதுவரை சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை.